சியாக்கா போட்ட கையெழுத்து

முந்திரிக்கொட்டை மூட்டையைச் செந்தமிழ்செல்வன் மேலே குத்திப் பார்க்கமாட்டார். மேலே நல்ல கொட்டையைப் பரப்பி வைப்பது எந்த ஊர் வியாபாரிக்கும் தெரிந்த வித்தை. குத்தூசியை மூட்டையின் வயிற்றில், அடியில், தையலை ஒட்டி என்று மூன்று இடங்களில் இறக்குவார். விழுந்த கொட்டைகளைக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு கிலோ எடுத்து எண்ணுவார். அப்புறம் ஒவ்வொன்றாக வெட்டுவார். நல்ல பருப்பு ஒரு தட்டில், சொத்தை ஒரு தட்டில், சுருங்கியது ஒரு தட்டில். எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கடைசியில் ஒரு எண் வரும். நாற்பத்தெட்டு வந்தால் முதலாளி சிரிப்பார். நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் லாரி வந்த வழியே திரும்பும்.

இந்த ஓர் எண்ணைச் சொல்வதுதான் அவர் வேலை. கடலூர் மாவட்டத்து ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை சில மாதங்களுக்கு மேல் காணாது. மிச்சம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் 2006இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் அவர் ஐவரி கோஸ்ட்டுக்கு விமானம் ஏறுகிறார். அந்த நாட்டின் வடக்கே, தியேனிபாரா என்ற சின்ன ஊரில், சடையப்பன் முதலாளியின் கொள்முதல் கொட்டகையில் நாலு மாதம் உட்கார்ந்து வெட்டிப் பார்த்துவிட்டு, ஜூனில் புவனகிரிக்குத் திரும்புகிறார். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிரெஞ்சை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதிக் கற்றார். சந்தையில் பேசும் ஜூலா மொழி கேட்டுக் கேட்டு வந்தது.

ஊரில் இருக்கும் எட்டு மாதமும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மோட்டாரை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பார். சாப்பாட்டுத் தட்டில் பருப்பை ஒரு பக்கம், கறிவேப்பிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார். மனைவி வினோதினி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வெட்டிப் பாக்கறதுக்கு இன்னும் ரெண்டு பருப்பு போடட்டுமா?" என்பாள். வயது ஐம்பதை நெருங்குகிறதே, அதனால் வரும் படபடப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்தது. படபடப்பு தீரவில்லை.

போன ஜனவரி முதல் வாரம் முதலாளி போன் செய்தார்.

"செல்வா, உங்க ஆப்பிரிக்கா ஊர்லருந்து பெரிய ஆள் வர்றாருய்யா. நம்ம ஃபேக்டரியப் பாக்கறாரு. அங்கயே ஒரு ஆலை போடணுமாம், எடம் அவரு தர்றாராம். நீதான் கூட இருந்து பேசணும்."

"யாரு முதலாளி?"

"என்னமோ கசூம் பெர்த்தேன்னு பேரு. அந்த ஜில்லாவுக்கே தலைவராம். அடுத்து மந்திரி ஆவப்போறாருன்னு சொல்றாங்க. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் செல்வன். அன்று மோட்டாரைப் பார்க்க ஐந்து முறை போனார்.

கசூம் பெர்த்தேயை அவர் முதலில் பார்த்தபோது அந்த மனிதரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கயிறு, ஒரு ரப்பர் முத்திரை. 2006. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகக் கிடந்த காலம். வடக்கைக் கலகப் படை வைத்திருந்தது. தியேனிபாராவின் தெற்கு வாசலில், இரண்டு தார் டின்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, கொட்டை லாரிகளை நிறுத்தி வரி வாங்குபவர் கசூம். ராணுவச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கொடுத்ததற்கு ரசீது தருவார். முத்திரை குத்துவார். அந்த முத்திரையைச் செதுக்கிக் கொடுத்தவன் சந்தையில் சாவி வெட்டும் ஆள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ரசீதைக் காட்டினால் அடுத்த நான்கு இடங்களில் லாரியை யாரும் தொடமாட்டார்கள். சொன்ன சொல் நிற்கும். அப்போதே அந்த ஆளிடம் அது இருந்தது.

2009இல் கயிறு போய் இரும்புக் குழாய் வந்தது. குழாயைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வந்தார்கள். கசூம் தகரக் கூரை போட்ட அறைக்குள் போய்விட்டார். 2011இல் தேர்தல் தகராறில் சண்டை மறுபடி மூண்டு, ஒரு தரப்பு வென்று, நாடு ஒன்றானது. அடுத்த பிப்ரவரியில் செல்வன் போனபோது ராணுவச் சட்டையைக் காணவில்லை. தன் முகமே அச்சடித்த துணியில் தைத்த சட்டையோடு கசூம் சந்தையில் கைகொடுத்துக்கொண்டிருந்தார். 2013இல் மேயர். மார்பில் மூவர்ணப் பட்டை. பதவியேற்ற மூன்றாம் மாதம் சந்தைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. பொய் சொல்லக் கூடாது, மனிதர் வேலை செய்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை, பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர், கொட்டகை வரை தார் ரோடு. 2016இல் பாராளுமன்றத்துக்குப் போனார். கோட்டு சூட்டு, கறுப்பாக்கிய தலைமுடி. இரண்டு வருஷம் கழித்துப் பொது மன்னிப்பு வந்தது, சண்டைக் காலக் கோப்புகள் மூடப்பட்டன. அதற்கடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். இப்போது மாவட்டக் கவுன்சிலின் தலைவர். இரும்புக் குழாய் இருந்த இடத்தில் ரவுண்டானா கட்டி, நடுவில் சிமெண்ட்டில் ஒரு வெள்ளைப் புறா வைத்திருக்கிறார்.

ஊரில் எந்தச் சாவுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. ஒரு மூட்டை அரிசியோடு வந்து, கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போவார். ஒரே ஒரு வீட்டுக்கு அவர் போனதில்லை. அந்த வீட்டில் சாவு நடந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. அது சியாக்கா கோனேயின் வீடு.

சியாக்கா கொட்டகையில் எடை போடுபவர். செல்வனைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நிதானமான மனிதர். மூட்டையைத் தராசில் ஏற்றுமுன் தராசுத் தட்டைத் துணியால் துடைப்பார், ஒவ்வொரு மூட்டைக்கும். "இப்படித் துடைத்தால் சாயங்காலத்துக்குள் லாரி போகாது" என்று செல்வன் சொன்னால், "தூசிக்கும் விலை கொடுக்க உன் முதலாளிக்கு ஆசையா?" என்பார். ஐந்து சீசன் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

2011 மார்ச்சில் மூன்று லாரிக் கொட்டை வந்தது. கசூமின் ஆட்கள் கிராமங்களில் வரிக்குப் பதிலாகத் திரட்டியது. மழையில் நனைந்து, காயாமல் மூட்டையில் புழுங்கிய சரக்கு. செல்வன் மூன்று முறை வெட்டிப் பார்த்தார். மூன்று முறையும் நாற்பத்து நாலு. தாளில் எழுதினார். வெட்டிப் பார்த்தவர், எடை போட்டவர் என்று தாளில் இரண்டு இடம் உண்டு. அவர் பேனாவை எடுக்கும்போதே கடலூரிலிருந்து போன்: சண்டை வடக்கே வருகிறது, இந்தியர்களை ஏற்றிக்கொண்டு எல்லைக்கு ஒரு வண்டி புறப்படுகிறது, அரை மணி நேரம், இருந்தது இருந்தபடி கிளம்பு. கிளம்பினார். தாள் அட்டையில் கவ்வியபடி மேசையிலேயே இருந்தது.

வழியில் சியாக்கா போனில் கூப்பிட்டார். "டிரைவர்கள் கத்துகிறார்கள். தாள் இல்லாமல் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகமாட்டார்களாம். உன் கையெழுத்து இல்லையே?"

"உன் கையெழுத்தைப் போடு. இரண்டு இடத்திலும் நீயே போட்டுவிடு" என்றார் செல்வன்.

கொட்டைத் தொழிலில் இது தினமும் நடப்பது. வெட்டியவன் சாப்பிடப் போயிருப்பான், எடை போட்டவன் கையெழுத்தைப் போட்டு லாரியை அனுப்புவான். பண்ருட்டி ரோட்டில் எந்த ஆலையிலும் இதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் போனபோது சியாக்கா இல்லை. அவர் மனைவி மரியம் கொட்டகைக்கு வந்தாள். "நீ போன மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். வீட்டுச் செருப்போடு போனார். நீ பெரிய ஆட்களோடு பேசுகிறவன். கசூமிடம் கேள். உயிரோடு இருக்கிறாரா, இல்லையா. அது மட்டும்."

"கேட்கிறேன்" என்றார் செல்வன்.

கேட்கவில்லை. ஒவ்வொரு சீசனும் மரியம் ஒரு முறை வருவாள். "கேட்டாயா?" "இந்த வருஷம் கேட்கிறேன்." விதவை என்று சொல்லிக்கொள்ளவும் முடியாமல், இறுதித் தொழுகையை நடத்தவும் முடியாமல், அவள் சந்தையில் வெங்காயம் விற்றாள். பதின்மூன்று சீசன். கையெழுத்தைப் போடச் சொன்னது தான்தான் என்பதையும் அவளிடம் அவர் சொல்லவில்லை. அந்தத் தாளால்தான் பிடித்துப் போனார்களா என்பது தனக்கே நிச்சயமில்லை என்று தன்னிடம் சொல்லிக்கொள்வார்.

கசூம் வரப்போகும் செய்தி வந்த பிறகுதான் வினோதினியிடமே இதைச் சொன்னார். அவள் யூனிஃபாரப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பதிமூணு வருஷமா அந்தம்மாவுக்கு நாள் கடத்துனீங்களா?"

"எப்பிடிக் கேக்கறது வினோ? அந்தாளு அங்க ராஜா. ஒரு வார்த்தையில கொட்டகையை மூடிடுவாரு. முதலாளி பொழப்பு, நம்ம பொழப்பு எல்லாம்…"

"எங்க வார்டுல சாவுன்னா ஒரு மணி நேரம் தள்ளமாட்டோம். சொல்றவங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா கேக்கறவங்க கஷ்டத்த நாம எடுத்து வச்சுக்கக் கூடாதுங்க."

"இப்ப அந்தாளு இங்க வர்றாரு" என்றார் செல்வன்.

"அதான் சொல்றேன். இங்க அவரு ராஜா இல்ல, விருந்தாளி."

திருவந்திபுரம் தாண்டி, பாலூர் போகும் வழியில் சடையப்பன் முதலாளியின் ஆலை. காலை எட்டரைக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. கசூம் இறங்கினார். கனத்த உடம்பு, வெளிர் நீலத்தில் முழு நீள அங்கி, தங்கக் கண்ணாடி. கூட இரண்டு அதிகாரிகள். முதலாளி போட்ட மாலையைக் கழற்றாமல், மாலைக்கு மேலே தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்த்தார். செல்வனைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நாற்பத்து நாலு!" என்றார் பிரெஞ்சில்.

செல்வன் கைகூப்பினார்.

"என்னாய்யா சொல்றாரு?" என்றார் முதலாளி.

"என்னை ஞாபகம் இருக்குதாம்."

"பாத்தியா! நல்ல சகுனம்யா இது."

ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். கொட்டையை வேகவைக்கும் கொதிகலன், உடைக்கும் மிஷின், தலையில் தொப்பி போட்ட பெண்கள் பருப்பைத் தரம் பிரிக்கும் நீண்ட மேசைகள். கசூம் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். எத்தனை பெண்களுக்கு வேலை? கொட்டை ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்க முடியுமா? கரண்ட் போனால்? செல்வன் மொழிபெயர்த்தபடியே அங்கியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ரப்பர் முத்திரை குத்தியது. அந்தக் கை பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் கொடுத்தது. இரண்டும் ஒரே கை என்பதுதான் அவரை நிற்கவிடாமல் செய்தது. மூன்று முறை பாத்ரூம் போய் வந்தார்.

"யோவ், வயிறு சரியில்லயா?" என்றார் முதலாளி காதோரம். "இன்னிக்குப் பாத்தா? இங்க பாரு, இந்த ஆலை அங்க வந்திச்சின்னா நீதான்யா மேனேஜர். பன்னெண்டு மாசமும் சம்பளம். கெடுத்துடாத."

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் சிதம்பரம் கூட்டிப்போய்க் கோயிலைக் காட்டிவிட்டு, மதியம் சம்பா சாதமும் கொத்சும் போட்டு அனுப்புவது முதலாளியின் வழக்கம். பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். அதிகாரிகள் பின்னால் வந்த காரில். முன் காரை ஓட்டியவர் அய்யனார், அவர் பக்கத்தில் முதலாளி, பின் சீட்டில் கசூமும் செல்வனும்.

சிப்காட் தொழிற்பேட்டையின் புகைநெடி உள்ளே வந்தது. அய்யனார் கண்ணாடியை ஏற்றினார். செல்வன் தொடங்கினார். நேரே கேட்டால் மேலே பரப்பிய நல்ல கொட்டைதான் விழும் என்று அவருக்குத் தெரியும். ஓரத்திலிருந்து இறங்கினார்.

"அந்த ரவுண்டானா அழகாக இருக்கிறது. எந்த வருஷம் கட்டியது?"

"2017. வெண்கலத்தில் புறா கேட்டேன், சிமெண்ட்டில் செய்துவிட்டான்." கசூம் சிரித்தார். "காகம் மாதிரி இருக்கிறது என்று எதிர்க்கட்சிக்காரன் சொல்கிறான்."

"பக்கத்தில் பருத்தி ஆலை இருந்ததே, இப்போது யாருடையது?"

"கவுன்சிலுடையது. பூட்டிக் கிடக்கிறது."

"அங்கேதானே 2011இல் ஆட்களை வைத்திருந்தது?"

கசூம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சியாக்கா கோனே" என்றார் செல்வன். "என் கொட்டகையில் எடை போட்டவர். அந்த மார்ச்சில் அழைத்துப் போனார்கள்."

"செல்வா, என்னாய்யா ரெண்டு பேரும் ரொம்ப நேரமா?" முதலாளி திரும்பினார். "மிஷினப் பத்தியா?"

"ஊர்க்காரங்களப் பத்தி முதலாளி."

"நல்லது, நல்லது. அப்பிடித்தான் பழகணும். பிள்ளைங்க எத்தன பேருன்னு கேளு. அது கேக்கலன்னா மரியாத இல்ல."

செல்வன் கசூம் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதலாளி கேட்கிறார்."

"ஒன்பது" என்றார் கசூம், வெளியே பார்த்தபடியே.

"ஒம்போதாம் முதலாளி."

"அடேங்கப்பா! யோவ் அய்யனாரு, நீ ரெண்டுக்கே அழுவுற."

"எனக்கு ஜில்லா இல்லியே முதலாளி" என்றார் அய்யனார்.

ஆலப்பாக்கம் தாண்டியது. கசூம் பிரெஞ்சை விட்டுவிட்டு ஜூலாவுக்கு மாறினார். குரல் தாழ்ந்தது. மேடைக் குரல் போய், கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் குரல் வந்தது.

"அந்த மூன்று லாரியும் என்னுடையது என்று நினைத்தாயா? எனக்கு மேலே ஒருவர் இருந்தார். அவருடையது. திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். நல்ல கொட்டையை நான் எடுத்துவிட்டுச் சொத்தையை ஏற்றினேன் என்றார். துப்பாக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். நான் தாளைக் காட்டினேன். எண்ணை எழுதியவன் நான் இல்லை, இதோ பெயர் இருக்கிறது என்றேன். இரண்டு இடத்திலும் ஒரே பெயர்."

"அவர் வெட்டவில்லை. வெட்டியது நான்."

"அது எனக்கு அப்போதே தெரியும். எடை போடுகிறவன் கொட்டையை வெட்டமாட்டான்." கசூம் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "உன் பெயர் இருந்திருந்தால் உன் பெயரைக் காட்டியிருப்பேன். உன்னை எல்லையில் பிடித்திருப்பார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. தாளில் இருந்தது அதுதான்."

பதின்மூன்று வருஷம் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போது தெரிந்துவிட்டது.

"எங்கே?"

"பருத்தி ஆலையின் பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். மூன்று பேர். அந்த வாரமே புதைத்தார்கள், அவன் சுவர் ஓரம்." இதைச் சொன்ன பிறகு கசூம் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். போட்டதும் அவர் பழையபடி மாவட்டத் தலைவர். "கேள். கோனே குடும்பம் அந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, தெரியுமா? நானூறு. ஒன்றுகூட எனக்கு விழுந்ததில்லை. வருஷக் கடைசியில் தேர்தல் வருகிறது. நீ அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. தெற்கிலிருந்து வந்த கூலிப்படை பிடித்துப்போனது, இடத்தைக் கசூம் இத்தனை வருஷம் தேடிக் கண்டுபிடித்தார் என்று சொல். நான் ஆட்டுக்கடாவும் அரிசியும் எடுத்துக்கொண்டு போய்த் தொழுகையில் நிற்கிறேன். எலும்புகளை ஒழுங்காக அடக்கம் செய்வோம். அவளுக்கு நிம்மதி. உனக்கும்தான். அந்தத் தாளைப் பற்றி அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்."

"பொய் சொல்லச் சொல்கிறீர்கள்."

"பாதிதான் பொய். புதைத்த இடம் நிஜம். அவளுக்கு வேண்டியது இடம்தானே?"

பு. முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் கார் ஏறியது. முதலாளி திரும்பினார். "இப்ப என்னாய்யா சொல்றாரு? மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது உனக்கு."

செல்வன் ஆற்றைப் பார்த்தார். "ஒரு வேலை சொல்றாரு முதலாளி."

"செஞ்சி குடுத்துடு. என்னா ஏதுன்னு கேக்காத. செஞ்சி குடுத்துடு."

மோசமான யோசனையாகத் தோன்றவில்லை என்பதுதான் செல்வனைப் பயமுறுத்தியது. மரியத்துக்கு இடம் கிடைக்கும். ஆலை வரும். பன்னிரண்டு மாதச் சம்பளம். ஊரில் அவரை எப்போதும்போல ஒரே தட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். இதில் கெட்டுப்போவது என்ன என்று தேடினார். சியாக்காவை யாரோ வழிப்போக்கர்கள் கொன்றார்கள் என்று ஆகும். ஒரு தாளில் சரியாக எழுதியதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதற்காகச் செத்தார் என்பது இல்லாமல் போகும். சாயங்காலம் வரை தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர். அவருடைய பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளாமல் கசூமின் கையால் அரிசி வாங்குவார்கள்.

கீழ சன்னதியில் கார் நின்றது. மணி பதினொன்று. செருப்பை விடும் இடத்தில் அதிகாரிகள் ஷூவைக் கழற்ற, முதலாளி தட்டு வாங்கப் போனார். செல்வன் அவர் பின்னால் ஓடினார்.

"முதலாளி, ஒரு போன் பண்ணணும். பத்து நிமிஷம்."

"இப்பவா? யோவ், நீ இல்லாம அந்தாளுகிட்ட நான் சைகையா காட்டுறது? கோயில் நட பன்னெண்டுக்குச் சாத்திடுவாங்க."

"பண்ணிட்டு வந்துடறேன்."

"செல்வா!"

அவர் பூக்கடைக்கும் பொம்மைக் கடைக்கும் நடுவே போய் நின்றார். தியேனிபாராவில் அப்போது விடிகாலை ஐந்தரை. மரியம் எழுந்திருப்பாள். எண்ணை அழுத்தினார்.

"செல்வன்? சீசனுக்கு முன்னாலேயே வந்துவிட்டாயா?"

"இல்லை, ஊரில்தான் இருக்கிறேன். மரியம், கேட்டுவிட்டேன்."

சுற்றி வளைக்காமல் சொன்னார், வினோதினி வார்டில் சொல்வதுபோல. "சியாக்கா இறந்துவிட்டார். அந்த வாரமே. பருத்தி ஆலையின் பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், சுவர் ஓரம்."

அவள் அழவில்லை. "இரு" என்றாள். கதவு திறக்கும் சத்தம், யாரையோ கூப்பிடும் சத்தம். ஓர் ஆண் குரல் வந்தது. சியாக்காவின் தம்பி. திரும்பச் சொல்லச் சொன்னான். செல்வன் இடத்தைத் திரும்பச் சொன்னார்.

"யார் சொன்னது?"

"கசூம். இன்றைக்கு, என்னிடம்."

"தெற்குக்காரர்கள்தானே பிடித்தது? அப்படித்தான் இங்கே சொன்னார்கள்."

செல்வன் கண்ணை மூடினார். கேள்வி தானாகவே வந்து, பொய்யைத் தட்டில் வைத்து நீட்டியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லை. கசூமின் ஆட்கள். மூன்று லாரிக் கொட்டை நாற்பத்து நாலு என்று திரும்பிப் போனது. தாளில் உன் அண்ணன் பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கசூம் தனக்கு மேலே இருந்தவரிடம் காட்டினார்."

"அண்ணன் எடை போடுகிறவர். எண் எழுதுமிடத்தில் அவர் பெயர் எப்படி வந்தது?"

"நான் போடச் சொன்னேன். வெட்டியது நான், எழுதியது நான். வண்டியிலிருந்து போனில் சொன்னேன், உன் கையெழுத்தைப் போடு என்று. பதின்மூன்று வருஷமாக உங்களிடம் இதைச் சொல்லவில்லை."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு சேவல் கூவியது. மரியத்தின் குரல் கேட்டது, அவரிடம் அல்ல, தம்பியிடம்: "உன் பெரியப்பாவைக் கூட்டிவா. அவரும் கேட்கட்டும்."

செல்வன் திரும்பியபோது கசூம் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். காலில் சாக்ஸ், கையில் முதலாளி கொடுத்த அர்ச்சனைத் தட்டு. அவரை அழைத்துப்போக வந்திருக்க வேண்டும். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை. கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் எழுந்து பேசும்போது, எத்தனை பேர் கைதட்டுகிறார்கள் என்று பார்க்கும் முகம். அவருக்குப் பின்னால் முதலாளி கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் கசூம் ஜூலாவில். "போனை வை. இதற்கு அப்புறம் நீ அங்கே வர முடியாது. உன் முதலாளியும் வர முடியாது."

போனில் தம்பியின் குரல் வந்தது. "பெரியப்பா வந்துவிட்டார். முதலிலிருந்து சொல். அவருக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்."

செல்வன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். கசூமைப் பார்த்தபடியே, பூக்கடைக்காரம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.